ஒரு பிரேக், ஒரு ரூபாய்! - ஜி.எஸ்.டி சாலையில் ஓர் ஆசிரியையின் பெட்ரோல் கணக்கு

மாதச் சம்பளம் 16,000 ரூபாய். பெட்ரோல் செலவு 10,500 ரூபாய். மிச்சம் 5,500.

கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்கும் அந்தக் குடும்பத்தில், இந்தக் கணக்கை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் மாமியார்தான். ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். "ஏம்மா, நீ சம்பாதிக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு அந்தக் காருக்கே தீனியாப் போகுதே. வீட்டுலயே பத்துப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தா கால் வலியும் இல்ல, செலவும் இல்ல. யோசிச்சுப் பாரேன்."

சண்டைக்காகச் சொன்னது இல்லை. அக்கறையாகச் சொன்னது. அதனால்தான் மருமகளுக்கு பதில் சொல்ல வரவில்லை. சண்டை என்றால் பதிலுக்குப் பேசிவிடலாம். சரியான கணக்குக்கு என்ன பதில் சொல்வது?

அவர் பல்லாவரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பதினோரு வருட சர்வீஸ். இரண்டு வருடங்களுக்கு முன் முழங்காலில் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரை மின்சார ரயிலில்தான் போய் வந்தார். சிகிச்சைக்குப் பிறகு, நடக்கலாம், நிற்கலாம், ஆனால் படிக்கட்டு ஏறி இறங்குவதைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறி இறங்கி, காலை நேரக் கூட்டத்தில் தொற்றிக்கொண்டு போவது முடியாத காரியம். பஸ்ஸிலும் அதே கதை.

கணவருக்கு கிண்டியில் வேலை. அவர் மட்டும் போவதாக இருந்தால் சீசன் டிக்கெட் எடுத்து, சில நூறு ரூபாயில் மாதத்தை முடித்துவிடுவார். ஜி.எஸ்.டி சாலையில் கார் ஓட்டுபவர்களில் பலருக்கும் இது பொருந்தும். ரயிலில் போக முடிகிறவர்களுக்கு ரயிலைவிடச் சிறந்த மைலேஜ் டிப்ஸ் எதுவும் கிடையாது. இந்த வீட்டில் அந்த வழி அடைபட்டுவிட்டது. மனைவியை பல்லாவரத்தில் இறக்கிவிட்டு கிண்டி போக வேண்டும். சாயங்காலம் அதே வழியில் கூட்டி வர வேண்டும். ஆக, கார் ஓடுவது மனைவியின் வேலைக்காக. வேலை நிற்பதா, தொடர்வதா என்பது காரின் பெட்ரோல் செலவைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

ஒரு நாளைக்குப் போகவர 52 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்று வைத்தால் 1,248 கிலோமீட்டர். கார், ஒன்பது வருடப் பழைய 1.0 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

"கார் 14 மைலேஜ் குடுக்குதே, டிஸ்ப்ளேல காட்டுது பாரு" என்றார் கணவர். ஆசிரியைக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. பழைய முறையில் ஒரு சோதனை வைத்தார். பங்க்கில் நாஸில் தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். அடுத்த முறையும் அதே பங்க்கில், அதேபோல் நாஸில் நிற்கும் வரை நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். மூன்று முறை செய்து பார்த்ததில் சராசரி 12 வந்தது. டிஸ்ப்ளே இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனி விளம்பரத்தில் சொன்ன மைலேஜைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, குறித்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. அந்த உருளைகளுக்குக் குறுக்கே ஷேர் ஆட்டோ வராது.

மாணவர்களின் பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த பக்கங்களில் கணக்கு எழுத ஆரம்பித்தார். நீங்களும் இதை முயன்று பார்க்கலாம். மைலேஜைக் கூட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அளக்காமலே ஆரம்பிக்கிறார்கள். பிறகு, முன்னேறியதா இல்லையா என்பதே தெரிவதில்லை.

முதலில் மெக்கானிக். ஊரப்பாக்கத்தில் ரோட்டோரம் ஷெட் வைத்திருக்கும் அண்ணன் அவர். போனட்டைத் திறப்பதற்கு முன் டயரைத்தான் பார்த்தார். கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ என்று போட்டிருந்தது. கார் டயர்களில் இருந்ததோ 26, 25, 24, 22. ஒவ்வொரு பி.எஸ்.ஐ குறைவுக்கும் மைலேஜ் சுமார் 0.2 சதவிகிதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அந்தக் கணக்கில் பார்த்தால், நாலு டயரிலும் சராசரியாக 9 பி.எஸ்.ஐ குறைவு என்பது மாதம் கிட்டத்தட்ட 200 ரூபாய். காற்று பங்க்கில் இலவசம். கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை. டயர் சூடாகாத காலை நேரத்தில், வீட்டிலிருந்து கிளம்பி முதல் பங்க்கிலேயே பார்த்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

அடுத்தது ஜாக்கி வைத்துத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றினார். முன்பக்க இடது சக்கரம் அரைச் சுற்று போய் நின்றுவிட்டது. "பிரேக் புடிச்சிக்கிட்டே ஓடுது சார். நீங்க ஆக்ஸிலரேட்டர மிதிக்கிறீங்க, அது பிரேக் போடுது. ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டே கிண்டி வரைக்கும் போறீங்க." காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரை மாற்றி, டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு தண்ணீர் கேன்கள், ஒரு பழைய மிக்ஸி, மகனின் கிரிக்கெட் கிட், பாத்ரூம் ரிப்பேரில் மிஞ்சிய டைல்ஸ் ஒரு பெட்டி. எல்லாம் சேர்த்து நாற்பது கிலோவுக்கு மேல். சிறிய காரில் இந்த எடைக்கு ஒரு சதவிகிதம் போய்விடும். டைல்ஸ் பெட்டி மொட்டை மாடிக்குப் போனது. மிக்ஸி ஏன் காரில் இருந்தது என்பது இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த மாதம் 12.9 வந்தது. ரிப்பேர் செலவைக் கழித்தால் லாபம் ஒன்றும் இல்லை. மாமியார் சிரித்துக்கொண்டார்.

உண்மையான மாற்றம் வந்தது ஒரு திங்கட்கிழமை. வழக்கமாகப் பாட்டு கேட்டுக்கொண்டு வரும் ஆசிரியை, அன்று நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. கணவர் ஒவ்வொரு முறை நன்றாக பிரேக் மிதிக்கும்போதும் ஒரு கோடு. பெருங்களத்தூர் வருவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன, எனக்கு மார்க் போடுறியா?" பல்லாவரத்தில் இறங்கும்போது எண்ணிச் சொன்னார்: 61.

அன்று மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு இது. காரும் ஆட்களும் சேர்த்து ஏறக்குறைய 1,000 கிலோ. அதை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் இயக்க ஆற்றல் சுமார் 62 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 32,000 கிலோஜூல். ஆனால், டிராஃபிக்கில் ஓடும் இன்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி சூடாகிப் போகிறது. வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறை 40-க்கு எழுப்பவும் கிட்டத்தட்ட 10 மில்லி பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் என்றால், ஒரு ரூபாய்.

பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த ஒரு ரூபாய் பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் கலக்கிறது. அவ்வளவுதான்.

"அப்போ இன்னிக்குக் காலைல மட்டும் நீங்க அறுபது ரூபாய்க்குக் காத்தை சூடு பண்ணியிருக்கீங்க" என்றார் சாயங்காலம். 61 முறையும் 40-லிருந்து நிறுத்தியிருக்க முடியாது. சில 20, சில 30. அதனால் அறுபது ரூபாய் என்பது கொஞ்சம் மிகைதான். அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் வேகத்தின் வர்க்கத்தில்தான் இயக்க ஆற்றல் கூடும் என்பது பள்ளிப் பாடம். 40-க்குப் பதில் 20-லிருந்து நிறுத்தினால் வீணாவது பாதி இல்லை, கால்வாசி. ஒரு ரூபாய்க்குப் பதில் நாலணா.

கணவருக்கு அறிவுரை பிடிக்காது. நாலணாக் கணக்கு பிடித்துவிட்டது.

வண்டலூரிலிருந்து தாம்பரம் வரை தினமும் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லோரும் ஓட்டும் விதம் ஒன்றுதான். முன்னால் நாற்பது அடி இடம் கிடைத்தால் சீறிக்கொண்டு போய், முன்வண்டியின் பம்பருக்கு ஒரு முழம் பின்னால் பிரேக் போடுவது. பிறகு நிற்பது. பிறகு மறுபடி சீறுவது. கணவரும் அப்படித்தான் ஓட்டினார். இப்போது முன்வண்டி நகர்ந்ததும் இரண்டு விநாடி விட்டு, இரண்டாவது கியரில் மெல்ல உருட்டிக்கொண்டு போனார். அவர் போய்ச் சேரும்போது முன்வண்டி மறுபடி நகர ஆரம்பித்திருக்கும். நிற்க வேண்டிய அவசியமே வராது. கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டால், இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே இந்தக் கார் ஆள் ஓடுகிற வேகத்துக்கு நகரும்.

முதல் வாரம் நரகம். இடைவெளி விட்டால் பைக் புகுந்துவிடும். அதன் பின்னால் ஷேர் ஆட்டோ. பின்னால் வருகிறவர் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே மாட்டார். "நான் என்னவோ பயந்து ஓட்டுற மாதிரி எல்லாரும் பாக்குறாங்க" என்று கணவர் புலம்பினார். மைலேஜ் கூட்டும் வழிகளில் பணச் செலவே இல்லாதது இதுதான். ஆனால் ரோஷத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை டிராஃபிக்கில் அது பெட்ரோலைவிட விலை அதிகம். ஆசிரியை அதற்கும் கணக்கு வைத்தார். பத்து பைக்குகள் குறுக்கே புகுந்தால் இழப்பது பத்து பைக் நீளம். ஒரு சிக்னலில் முழுதாக ஈடாகிவிடும். பல்லாவரம் போய்ச் சேரும் நேரம் முன்பிருந்ததற்கு ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை.

பிறகு கண்ணை எங்கே வைப்பது என்ற விஷயம். முன்வண்டியின் பிரேக் லைட்டையே பார்த்து ஓட்டினால், அது எரிந்த பிறகுதான் நாம் பிரேக் போடுவோம். அதற்கும் முன்னால் நாலு வண்டி தள்ளிப் போகும் பஸ்ஸைப் பார்க்க வேண்டும். அது இடது பக்கம் ஒதுங்கினால் ஸ்டாப்பிங் வருகிறது. பின்னால் வருகிற அத்தனை வண்டியும் இன்னும் பத்து விநாடியில் நிற்கப்போகிறது. இப்போதே காலை எடுத்துவிடலாம். கணவர் இதில் தேர்ந்துவிட்டார். குரோம்பேட்டையில் எந்தக் கடை வாசலில் காலை ஏழரைக்கு லோடு ஆட்டோ குறுக்கே நிற்கும் என்பதுகூட அவருக்கு இப்போது மனப்பாடம்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்தில் இறங்கும்போதும், தூரத்தில் சிவப்பு சிக்னலைப் பார்த்தாலும் நியூட்ரலில் போடுவது. கணவரின் அப்பா ஸ்கூட்டர் காலத்தில் கற்றுக்கொடுத்தது. கார்ப்பரேட்டர் வண்டிகளில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது எதிர்மறையாக வேலை செய்கிறது. கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருப்பதைக் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு இன்ஜெக்டரை மூடிவிடும். இன்ஜின் வேகம் ஓரளவு இறங்கும்வரை ஒரு சொட்டு பெட்ரோல் போகாது. நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். தவிர, அவசரத்துக்கு வண்டியை இழுத்து விலக முடியாது, இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. இன்னும் சிலர் இறக்கத்தில் இன்ஜினையே ஆஃப் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் தீர்ந்துபோய் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பத்துப் பைசா மிச்சத்துக்கு அது பெரிய விலை.

சிக்னலில் ஆஃப் செய்வது வேறு விஷயம். நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய பெட்ரோல் இன்ஜின், ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் குடிக்கிறது, ஏ.சி ஓடினால் இன்னும் அதிகம். பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால், ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்வதுதான் சிக்கனம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் வருடக்கணக்காக இதைத்தான் விளம்பரம் செய்கிறது. டெல்லியில் 2020-ல் இதற்கென்றே ஓர் இயக்கம் நடத்தினார்கள்.

கணவர் அதைக் கேட்டு உற்சாகமாகிவிட்டார். பத்து விநாடி நின்றாலும் ஆஃப். ஒரு பயணத்தில் முப்பது முறை ஸ்டார்ட். செப்டம்பர் மூன்றாவது வாரம், இரும்புலியூர் அருகே சாயங்கால நெரிசலில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பேட்டரி உயிரை விட்டுவிட்டது. பின்னால் ஹாரன் கச்சேரி. இரண்டு கல்லூரிப் பையன்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். புது பேட்டரி 4,400 ரூபாய்.

"மூணு மாசம் மிச்சம் புடிச்சது ஒரே நாள்ல போச்சா?" என்றார் மாமியார். போய்த்தான்விட்டது. மெக்கானிக் அண்ணன் சமாதானம் சொன்னார். அந்த பேட்டரிக்கே நாலு வயசு, எப்படியும் அந்த வருஷம் போயிருக்கும். ஆனாலும் இந்தக் காரின் ஸ்டார்ட்டர் முப்பது முறை ஸ்டார்ட் செய்வதற்கென்று கட்டியது இல்லை. சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து எழும் புதிய கார்களில் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் அதற்கேற்ற உறுதியோடு வருகின்றன. பழைய காருக்கு அவர் சொன்ன விதி எளிது. டைமரில் நாற்பதுக்கு மேல் இருந்தால் ஆஃப். டைமர் இல்லாத இடத்தில், முன்னால் நிற்பவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி எட்டிப் பார்த்தால் ஆஃப்.

அந்த வாரம் வீட்டில் யாரும் மைலேஜைப் பற்றிப் பேசவில்லை. ஆசிரியை நோட்டை மூடி பீரோவில் வைத்துவிட்டார். டியூஷன் எடுப்பதாக இருந்தால் ஹாலில் எத்தனை பிள்ளைகள் உட்காரலாம் என்று ஒருநாள் ராத்திரி அவர் பாயை விரித்துப் பார்த்ததைக் கணவர் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"நாம கெளம்புற நேரத்தை மாத்திப் பாப்போமா?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரை கிளம்பியது 7.25-க்கு. ஜி.எஸ்.டி சாலை முழுதாக நிரம்பியிருக்கும் நேரம். பல்லாவரம் வரையிலான 18 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 6.55-க்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரம். இருபது நிமிடம் கிளட்ச்சிலும் பிரேக்கிலும் காலை வைத்து நகர்வது அப்படியே மிச்சம். கேட்க எளிது. ஆனால் அந்த அரை மணி நேரத்தை யாரிடமிருந்து எடுப்பது? 4.45-க்கு எழுந்து நாலு டிபன் பாக்ஸ் கட்டுகிறவர், இனி 4.15-க்கு எழ வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க அவருடைய தூக்கத்தைச் செலவழிப்பது என்ன சிக்கனம்? எரிபொருள் சிக்கன அறிவுரைகளில் 'நெரிசல் இல்லாத நேரத்தில் கிளம்புங்கள்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். எழுதுகிறவர் வீட்டில் காலை டிபன் யார் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

முதல் நாலு நாள் கணவர் காய் நறுக்கினார். பீன்ஸ் ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் இருந்தது. ஐந்தாம் நாள் மாமியார் அடுப்படிக்கு வந்து கத்தியை வாங்கிக்கொண்டார். "நீ போய் வண்டியத் தொடைடா. சாம்பார நான் பாத்துக்கறேன்." மருமகளிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து குக்கரும் சட்னியும் அவர் பொறுப்பு.

அக்டோபர் கணக்கு: 14.6.

நவம்பரில் மழை வந்தது, எல்லாம் கீழே போனது. சாலையில் தண்ணீர் தேங்கிய நாட்களில் எந்த உத்தியும் செல்லாது. முதல் கியரில் ஊர்ந்துதான் ஆக வேண்டும். 12.8. அந்த மாதத்துக்கு எதிரே 'மழை' என்று ஒரு வார்த்தை மட்டும் நோட்டில் இருக்கிறது. ஜனவரியில் 15.1. அதுதான் இதுவரை உச்சம். அந்த மாத பெட்ரோல் செலவு சுமார் 8,350 ரூபாய். ஜூனைவிட 2,150 ரூபாய் குறைவு.

இடையில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அதிகாலையில் பெட்ரோல் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பங்க்கில் பெட்ரோல் பூமிக்கடியில் இருக்கும் டேங்க்கில் கிடக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு பெரிதாக மாறாது. காலையில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு சூடாக்க வேண்டும் என்பது இன்னொருவரின் யோசனை. இன்ஜெக்‌ஷன் காருக்கு அரை நிமிடம் போதும், பிறகு மிதமாக ஓட்டினால் ஓட்டத்திலேயே சூடாகும். 'எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் மைலேஜ் குறையுது' என்று அலுவலக நண்பர் சொன்னதில் மட்டும் விஷயம் இருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவிகித எத்தனால் கலந்தால், அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட 2021 திட்ட அறிக்கையே சொல்கிறது. அதை ஓட்டுகிறவர் எதுவும் செய்ய முடியாது.

ஏ.சி பற்றி அந்த வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. நகர வேகத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் சிக்கனம். காலை ஏழு மணிக்கு அது சரி. ஏப்ரல் மாதம், சாயங்காலம் ஐந்தரைக்கு, குரோம்பேட்டைப் புகையில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்ல ஆசிரியைக்கே மனம் வரவில்லை. முதல் ஐந்து நிமிடம் ஜன்னல்களைத் திறந்து உள்ளே அடைந்த சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏ.சியை உள்காற்றே சுற்றும் பொத்தானில் வைத்து ஓட்டுகிறார்கள். அந்த மாதம் 14.0. 'வெயில்' என்று எழுதவில்லை, 'ஏ.சி, பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறார்.

வேறொரு மாற்றமும் நடந்தது, நோட்டில் இல்லாதது. பள்ளிக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுவதால், திருத்த வேண்டிய நோட்டுகளை ஆசிரியை காலையிலேயே முடித்துவிடுகிறார். ராத்திரி வீட்டுக்குத் தூக்கி வருவதில்லை. ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறார். முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றால், அறிவியல் ஆசிரியை என்ற முறையில் அவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

மார்ச் கடைசியில் பள்ளியில் அடுத்த கல்வியாண்டுக்குத் தொடர்வீர்களா என்று கேட்டு வழக்கமான தாளைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் டி.வி ஸ்டாண்டில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை, டிபன் பாக்ஸை நீட்டும்போது மாமியார் கேட்டார். "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல அத்தை. இன்னிக்குப் போடலாம்னு..."

"இங்கயே போட்டுட்டுப் போ. அப்புறம் மறந்துடுவ."

போட்டார். அன்று கிளம்ப 7.05 ஆகிவிட்டது. பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டார்கள்.

மே மாதம் பள்ளி விடுமுறை. கணவர் சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போகிறார். வாரம் ஒருமுறையாவது காரை எடுத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன். இல்லாவிட்டால் புது பேட்டரியும் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்து வண்டலூர் வரை போய் வருகிறார்கள். போன வாரம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் அருகே கணவர் கொஞ்சம் வேகமாகப் போய் பிரேக் போட்டார். மாமியார் ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னார்.

"ஒரு ரூபா."